துரை வந்தால் எழுந்திரிக்கக் கூடாது

யோசனை வந்தபோது நான் ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். பட்டம் வாங்கிய கையோடு சுங்கை சிப்புட் ஊரில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூட வேலை செய்யும் என் நண்பன் டியூபைக் கழற்றினான். அவர் என்னைப் பார்த்து, இந்த மண்ணின் ஆதி மக்களை எங்கே பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நண்பன் செமாய்ப் பழங்குடிக்காரன். அவன் ஆட்கள் இந்த மலைக்காட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. டியூபிலிருந்து தலையைத் தூக்காமலே கிரீஸ் விரலை என் பக்கம் நீட்டினான்.

"இவன்தான்."

வெள்ளைக்காரர் என்னை மூன்று படம் எடுத்தார். நானும் மலையைப் பார்த்து முகத்தை இறுக்கிக்கொண்டேன், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாதி உலகம் தாண்டி அவர் தேடி வந்த ஆள், அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருந்தான்.

அவர் போன பிறகு அரைமணி நேரம் சிரித்தோம். "மொத மொதல்ல தொரெ இங்க வந்தப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும் லா," என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, நாடகம் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று மாலையே ஓடிப்போய் ஊர்ப் பொங்கல் விழாவில் நாடகத்துக்குக் கால்மணி நேரம் கேட்டு வாங்கிவிட்டேன்.

நாடகம் என்றதும் நண்பன் சிரிப்பை நிறுத்தினான். கடையில் நாலு வருஷம் இருந்து தமிழில் என்னைவிடச் சரளமாகத் திட்டப் பழகியவன்.

"மச்சான், என் அக்கா பார்க்க வரும். ஸ்கூல் படிச்ச காலத்துல யார் பெரிய ஆள் வந்தாலும் அது தலையில இலையைக் கட்டி ஆடச் சொல்வாங்க. நீயும் அதையே செஞ்சா எந்திரிச்சுப் போயிரும். நானும் அப்புறம் ஒங்கூடப் பேச மாட்டேன்."

இலை கிடையாது என்று சத்தியம் செய்தேன்.

துரை வேஷத்துக்கு குனோங் ராபாட்டில் இருக்கும் என் மாமா. தொப்பி கிடைக்காததால் மோட்டார் ஹெல்மெட்டுக்கு வெள்ளைச் சாயம் அடித்தோம். செமாய் மக்களாக எங்கள் கடைக்கு வரும் மூன்று லாரிக்கார அண்ணன்கள். மூவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். காட்சி சின்னது. மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சுடுவார்கள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரனைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

முதல் ஒத்திகையில் மாமா ஹெல்மெட்டோடு நுழைந்தார். மூவரும் சடாரென்று எழுந்தார்கள். ஒருவர் தலைத்துண்டை உருவி அக்குளில் இடுக்கினார். இன்னொருவர் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"அண்ணே, நீங்க இவர இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல!"

"அதான் தம்பி, புதுத் தொரெ. இன்னும் மரியாதையா இருக்கணும்ல?"

மறுபடி எடுத்தோம். மறுபடி எழுந்தார்கள். ஏழாவது தடவை இருவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்க, மூன்றாமவர் ஓடிப்போய் துரைக்கு நாற்காலி கொண்டுவந்தார். தோட்டத்தை விட்டு எத்தனையோ வருஷமாகிறது, தோட்டமே இப்போது ரப்பர் போய்ச் செம்பனையாகிவிட்டது. தோட்டத் துரையின் கார் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கிய அப்பாக்களின் முழங்கால் இவர்களிடம் அப்படியே இருந்தது. மாமாவுக்கோ இது ரொம்பப் பிடித்துப்போய், ஒத்திகை முடிந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

போன ஞாயிறு காலை நண்பன் அக்காவை முன்கூட்டியே ஒத்திகைக்கு அழைத்து வந்துவிட்டான். அவர் பாலர் பள்ளி ஆசிரியை. கைப்பையை மடியில் வைத்து, கதவோரம் உட்கார்ந்தார். எழுந்து போக வசதியான இடம்.

மாமா நுழைந்தார். மூவரும் எழுந்தார்கள். அக்காவும் எழுந்தார்.

போச்சு என்று நினைத்தேன். அவர் நேராக மேடைக்கு வந்து, எரியாத அடுப்பைப் பார்த்து, தம்பியிடம் செமாய் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"இவனுங்க ஏன் இன்னும் இங்க நிக்கிறானுங்கன்னு கேக்குது. எங்க ஆளுங்க எப்பவோ காட்டுக்குள்ள ஓடிருப்பாங்க. தொரெ வந்து பார்த்தா அடுப்புதான் புகையும். ஆள் இருக்காது. மரத்துக்குப் பின்னாடி நின்னு இவரத்தான் எல்லாரும் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப நான் யார்கிட்டடா பேசறது?" என்றார் மாமா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"கிழங்குகிட்ட," என்றார் அக்கா, நல்ல தமிழில்.

கைப்பையை ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வரும் ஞாயிறு மேடையில் மாமா மட்டும். கடையிலிருந்து பழைய லாரி டயர்களைக் கொண்டுபோய் ஓரத்தில் அடுக்கப் போகிறோம், அதுதான் காடு. அதற்குப் பின்னால் மூன்று அண்ணன்களும் குந்தியிருப்பார்கள். நடுவில் அக்கா, மூவரின் கைலி முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு. துரை வந்ததும் எவர் எழுந்தாலும் இழுத்து உட்கார வைப்பார். நாற்காலி கொண்டுவரும் மூன்றாமவருக்கு மட்டும் இரண்டு கையும் வேண்டும் என்கிறார். அதனால் மற்ற இருவரையும் பிடிக்க நானும் நண்பனும் டயர்களுக்குப் பின்னால் போகிறோம்.