குளிர் பார்க்கும் கன்னம்

மனைவியின் காரியம் முடிந்த மறுநாள், கார் ஏசி குளிரவில்லை என்று எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு ஷெட்டில் நிறுத்தினேன். மெக்கானிக்கின் கழுத்தில் அழுக்குத் துண்டு. விரல் நுனிகள் வெளுத்துத் தடித்திருந்தன. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, நெடுநேரம் குனிந்து பார்த்தார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. மீட்டரையும் மாட்டிப் பார்த்தார்.

“லீக்கே இல்ல சார். கேஸ் கரெக்டா கீது.”

என்னை உள்ளே உட்காரச் சொன்னார். பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, ஏசி காற்று வரும் இடத்தில் கன்னத்தை வைத்தார். கையால் பார்க்கலாமே என்றேன்.

“கேஸ் பட்டுப் பட்டு விரலு மரத்துப்போச்சு சார். சூடு, குளிரு ஒண்ணும் தெரியாது. ஐஸாட்டம் வருது. உங்களுக்குத் தெரியலயா?”

“தெரியலையே.”

ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்களும் கன்னத்த வெச்சுப் பாருங்க சார்.”

வைத்தேன். சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. குளிர்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவர் முகம் இப்போது சரியாக நினைவில்லை. வண்டியில் ஏறியதும் கன்னத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. சில நாள் குளிர் தெரிகிறது.