புரட்டாசி முட்டை

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் நாயும் சைவம். முந்தின நாளே அம்மா குளிர்பெட்டியைக் காலி செய்து, சட்டி பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்து, மீன் பொரிக்கும் வாணலியைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். மறுநாளிலிருந்து எங்களுக்குச் சாம்பாரும் ரசமும், டைகருக்குத் தயிர்ச்சோறு. அது தட்டை முகர்ந்துவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கும். சிபாரிசுக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு தின்னும்.

டைகர் என்பது அப்பா வைத்த பெயர். பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற புலி அது. ஆனால் காலையில் நான் பள்ளி வேன் பிடிக்கப் போகும்போது முச்சந்தி வரைக்கும் கூடவே வரும். நான் ஏறியதைப் பார்த்த பிறகுதான் திரும்பும். எங்கள் ஊரான செனாயில், எங்கள் தாமான் குடியிருப்பில் காவலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நான் ஒருத்திதான் என்று ஒன்பது வயதில் எனக்குப் பெரிய மிதப்பு.

அம்மாவின் விரதத்துக்குக் காரணம் அப்பாவின் மோட்டார் சைக்கிள். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார். இருட்டோடு கிளம்பிப் பாலம் தாண்டிப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். ஒரு மழை நாளில் லாரி ஒன்றின் பின்னால் சறுக்கி விழுந்து கை முறிந்தது. தலை தப்பியது பெருமாள் புண்ணியம் என்பது அம்மாவின் தீர்ப்பு. ஆஸ்பத்திரியிலேயே நேர்ந்துகொண்டாள். இந்த மனுஷன் ரோட்டில் நல்லபடியாகப் போய் வருகிறவரை, புரட்டாசியில் எங்கள் வாசலை மச்சம் தாண்டாது. மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன் மட்டுமில்லை, கோழி, ஆடு, முட்டை எல்லாமும்தான். விழுந்தது நான், பட்டினி நாய்க்கா என்று அப்பா கேலி செய்வார். அம்மா சிரிக்கமாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவளிடம் விளையாட முடியாது.

அந்த வருடம் ஆவணியிலேயே டைகர் நொண்ட ஆரம்பித்தது. முதலில் சிமெண்டுச் சூடு என்றோம். பிறகு பார்த்தால் நான்கு பாதங்களும் தடித்து, காய்ந்த சேற்றைப்போல் வெடித்துக் கிடந்தன. வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினாள். டைகர் கொஞ்ச நேரம் நலுங்கு வைத்த கல்யாணப் பெண்ணைப்போல் உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தனையையும் நக்கித் தின்றது. முச்சந்திக்கு வருவதும் நின்றது. வாசல் கேட் வரை வந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நான் போவதைப் பார்க்கும். காவல் போனதோடு என் மிதப்பும் போய்விட்டது. வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அம்மா வாடகைக் கார் பிடித்து நாய் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ரத்தம் எடுத்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார், அம்மாவிடம் மலாயில் நிறையப் பேசினார். நடுவில் அம்மா என்னிடம் டைகரை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் வைக்கச் சொன்னாள். வெளியே வந்தபோது அவள் முகம் செத்திருந்தது. காரில்தான் சொன்னாள். கோளாறு காலில் இல்லை, ஈரலில். ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. அதனால்தான் பாதம் வெடிக்கிறது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மருந்து பூசி, நக்காமல் இருக்க உறை மாட்ட வேண்டும். மாத்திரை உண்டு. அப்புறம் தினமும் அவித்த முட்டையின் மஞ்சள் கரு கொடுக்க வேண்டும். அது இல்லாமல் தோல் ஆறாது.

முட்டை என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலு நாளில் புரட்டாசி. அம்மாவின் முகம் அதனால்தான் அப்படியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

வழி கண்டுபிடித்தவர் அப்பா. முனைக்கடை மாமாவிடம் அவித்த முட்டை கிடைக்கும். வீட்டில் அவிக்க வேண்டாம், உள்ளே கொண்டுவரவும் வேண்டாம். கேட்டுக்கு வெளியே, லோங்காங் சாக்கடை ஓரத்தில் வைத்து ஊட்டிவிட்டால் நேர்த்திக்கடனும் நிற்கும், நாயும் பிழைக்கும். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள். அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அப்படித்தான் புரட்டாசி தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் நான் முட்டை வாங்கி வந்து வெளியே உட்காருவேன். டைகர் வீட்டுக்குள்ளிருந்து கேட்டைத் தாண்டி வர வேண்டும். என் பழைய காலுறைகளை நான்கு காலிலும் மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வரும். தின்றுவிட்டுத் திரும்பிப் போனால் சிமெண்டில் அங்கங்கே சிவப்பாக ஊறியிருக்கும். புண்ணை ஆற்றுகிற முட்டைக்காகக் காலைப் புண்ணாக்கிக்கொண்டு நடந்தது அந்த நாய். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. நான் குடையோடு வெளியே நின்று கூப்பிட்டேன். டைகர் சமையலறை வாசலில் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது, முன்னங்காலை ஊன்றியது, மறுபடி படுத்துவிட்டது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். வாலை மட்டும் ஆட்டியது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மழையிலேயே வெளியே வந்தாள். என் கையிலிருந்த முட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கேட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாமி மாடத்தைத் தாண்டி நடந்துபோய், சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓட்டை உரித்தாள். மஞ்சள் கருவைப் பிட்டுப் பிட்டு டைகரின் வாயில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து மாடத்துக்கு முன்னால் நின்று, பெருமாளிடம் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது மாதிரி பேசினாள்.

"தப்புன்னா என்கிட்ட கேளு. அவருகிட்ட கேக்காத."

அம்மா சாமியிடம் சண்டை போடுவது புதிதில்லை. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டைகரின் வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து முட்டை எங்கள் அடுப்பிலேயே வெந்தது. பரண்மேல் போன பாத்திரம் ஒன்று இறங்கி வந்தது. நாங்கள் சைவம், டைகர் மட்டும் அசைவம். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கேலி செய்யவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். காலையும் மாலையும் நானும் அம்மாவும் பாதங்களைக் கழுவினோம். அவள் பிடித்துக்கொள்வாள், நான் விரலிடுக்கில் துடைப்பேன், இருவரும் மருந்து பூசுவோம். தடித்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. சிவப்பு மறைந்து கருப்பு வந்தது. ஒரு காலையில் உறைகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு டைகர் கேட்டில் நின்றது. என்னோடு முச்சந்தி வரை வந்தது. நான் வேனில் ஏறியதும் வாலை ஆட்டிவிட்டுத் திரும்பியது. உலகத்தில் என்னைவிடப் பெரிய டாக்டர் இல்லை என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு வாரம் போல வந்திருக்கும். பிறகு சாப்பாட்டை விட்டது. கண் வெள்ளை மஞ்சளாயிற்று. புரட்டாசி முடிவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவின் காலடியில் படுத்தபடியே போய்விட்டது.

தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அப்பா குழி வெட்டினார். சாக்கை மூடுவதற்கு முன் நான் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். எங்கும் வெடிப்பில்லை. மிருதுவாக இருந்தது.

"காலு நல்லாயிடுச்சேப்பா, அப்புறம் ஏன் செத்துச்சி?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாக்கின் வாயை மடித்தாள்.

"நல்லா நடந்துட்டுத்தான்மா போச்சி," என்றாள்.

நான் கேட்டதற்கு அது பதிலில்லை என்று அன்றைக்குக் கோபம் வந்தது. நான் வேலைக்குப் போன பிறகுதான் அப்பா சொன்னார். முதல் நாளே டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். ஈரல் போய்விட்டது, நாய் பிழைக்காது, முட்டையாலும் மருந்தாலும் கால்வலிதான் குறையும் என்று. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். பழையபடி நடக்குமா? கொஞ்ச நாள் நடக்கும் என்றாராம் டாக்டர். சாகப்போகிற நாயின் நான்கு கால்களுக்காகத்தான் அவள் அந்த முட்டையை உள்ளே கொண்டுவந்தாள். பதிலுக்கு என்ன போகும் என்று அவள் பயந்தாளோ, அது தினமும் பாலம் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. டைகர் போன பிறகும் அம்மா சாயங்காலமானால் கேட்டில் போய் நிற்பாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முச்சந்தியையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழை பெய்தாலும் உள்ளே வரமாட்டாள். அப்பாவுக்கு நேரமாகிவிட்டால் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். டைகரை நினைத்து வருந்துகிறாள் என்று எனக்குத் தோன்றியது. என்னைவிட அம்மாவுக்குத்தான் அதன்மேல் ஆசை அதிகம் என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது.

புரட்டாசியின் கடைசி நாள் அப்பா ரொம்பத் தாமதித்தார். தெருவிளக்கு போட்டு வெகுநேரமாயிற்று. அம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கன்னமெல்லாம் ஈரம். பார்க்கப் பொறுக்காமல் நான் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதீங்கம்மா. நம்ம வேற நாய் வளர்த்துக்கலாம்."

அவள் என் தலையில் கை வைத்தாள். அதற்குள் முச்சந்தியில் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் திரும்பியது. அம்மா நீளமாக மூச்சு விட்டாள், கண்ணைத் துடைத்தாள், தேத்தண்ணி போட உள்ளே ஓடினாள். நான் சொன்ன ஆறுதல் இவ்வளவு சீக்கிரம் பலித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன்.