தொட்டுப் படிக்க ஒரு 'தொடாதீர்கள்'

போன வாரம் எங்கள் மாவட்டத்தில் ஒரு சின்ன மியூசியத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்... நல்ல மனுஷர்கள் நடத்துவது. மாற்றுத்திறனாளிகளும் வந்து பார்க்கும்படி இடத்தை மாற்றியிருக்கிறோம், திறப்பதற்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று காப்பாட்சியர் நாகராஜன் கூப்பிட்டிருந்தார்.

வாசலில் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். சபாஷ் என்று ஏறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. கட்டிய மேஸ்திரி அதுவரை பட்டாசு குடோன்களுக்கு மட்டுமே சரிவு கட்டியவராம். தலையில் லோடு சுமக்கிற ஆள் விறுவிறுவென்று ஏறுவதற்கான சரிவு அது. சக்கர நாற்காலி அதில் ஏறாது; ஏற்றிவிட்டால் நிற்காது!

"இடிச்சிட்டு மறுபடி போடச் சொல்லிட்டேன்" என்றார் நாகராஜன், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

உள்ளே போனால் பிரெய்ல் போர்டுகள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. அச்சடித்தவர் சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் என் நண்பர் தனசேகரன். காலண்டரும் கல்யாணக் கார்டும் அடித்தே தலை நரைத்தவர். முதல் சாம்பிளை அவர் கொண்டுவந்தபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... புள்ளியெல்லாம் கறுகறுவென்று, மேலே பளபளவென்று லேமினேஷன். கண்ணுக்கு அவ்வளவு அழகு. தடவினால் வழவழ!

பிறகு விஷயம் புரிந்து, கல்யாணக் கார்டில் பிள்ளையாரைப் புடைத்து எழுப்புகிற எம்போஸிங் மெஷினில் கொடுத்து, புள்ளிகளைக் கச்சிதமாக எழுப்பிக் கொண்டுவந்துவிட்டார். எல்லா போர்டையும் பிரெய்லில் போட வேண்டும் என்பது ஆர்டர். மனுஷன் ஒன்றைக்கூட விடவில்லை. கண்ணாடிப் பெட்டிகளின் மேலே ஒட்டியிருந்த 'தொடாதீர்கள்' உட்பட.

யோசித்துப் பாருங்கள். தொட்டால்தான் படிக்க முடியும். படித்தால்தான் தொடக்கூடாது என்று தெரியும். அதற்குள் தொட்டாயிற்றே!

நானும் நாகராஜனும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பதி உள்ளே வந்தார்கள்.

எம். புதுப்பட்டிக்காரர்கள். கணவர் கருப்பசாமி, அவர் தோளைப் பிடித்தபடி மனைவி முத்துமாரி. சில வருஷங்களுக்கு முன் பட்டாசு ஆலை விபத்தில் முத்துமாரிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மியூசியம் இன்னும் திறக்கவில்லை, அதற்குள் முதல் விருந்தாளி... நாகராஜனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பரபரவென்று அவரை ஒரு பிரெய்ல் போர்டுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"இதைத் தடவிப் பாருங்கம்மா. உங்களுக்குன்னே போட்டது."

முத்துமாரி கையை நீட்டினார். அப்போதுதான் விரல்களைக் கவனித்தேன். நுனியெல்லாம் வெந்து ஆறி, தோல் இறுகிப்போயிருந்தது.

"எனக்கு இந்த எளுத்துத் தெரியாதே சார்" என்றார் சங்கடமாகச் சிரித்தபடி. "தெரிஞ்சாலும் இந்த வெரலுக்கு ரவையும் ஒண்ணுதான், மணலும் ஒண்ணுதான். வெடியில கண்ணு மட்டுமா போவும்? மொகத்த மறைக்கன்னு கைதான முந்திக்கிட்டுப் போவுது."

என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பட்டாசு ஊருக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே ஒருவருக்குக் கண் போனால் கூடவே வேறு என்னவெல்லாம் போகும் என்று எங்களில் ஒருவராவது யோசித்தோமா? புள்ளி எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள், அவர்களுக்குப் போர்டு வேண்டும்தான். முத்துமாரிக்கு?

"அப்ப எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டேன்.

"என் காளையப் பாக்க வந்தேன் அண்ணாச்சி."

பட்டாசு வேலைக்குப் போவதற்கு முன் அவர் அகழாய்வுக் குழியில் மண் அள்ளும் வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே கிடைத்ததுதான் அந்தச் சுடுமண் காளை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஒரு கொம்பு உடைந்தது. எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகு அதன் மேல் பட்ட முதல் கை முத்துமாரியுடையது.

"முந்தானையில தொடச்சிட்டுத்தான் குழி மேஸ்திரியக் கூப்புட்டேன். தொடச்சதுக்கு வஞ்சாக! எம்புட்டு அளகு தெரியுமா... கண்ணு போன பெறகு பாத்ததெல்லாம் ஒண்ணொண்ணா மங்கிக்கிட்டே வருது அண்ணாச்சி. எம் மக மொகமே இப்பக் கலங்கலாத்தான் வருது. அந்தக் காளை மட்டும் இன்னும் நிக்குது. அதுவும் போறதுக்குள்ள ஒருக்காக் கையில வாங்கிரணும்."

காளை எங்களுக்கு நேர் எதிரேதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள். மேலே 'தொடாதீர்கள்', இரண்டு எழுத்திலும்.

நாகராஜன் தவித்துப்போனார். சாவி அவரிடம்தான். ஆனால் விழுந்து உடைந்தால்? வேலை போகும். வேலைகூட வேறு தேடிக்கொள்ளலாம்... காளைக்கு எங்கே போவது?

"விழுந்தா ஒடஞ்சிரும்மா. அச்சு அசலா ஒண்ணு செஞ்சு வைக்கிறோம். அதைத் தொட்டு..." என்று இழுத்தார்.

"அது நான் எடுத்தது இல்லயே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாகராஜன் சாவிக்கொத்தை எடுத்தார், மறுபடி பையில் போட்டார்.

திடீரென்று முத்துமாரி தரையைத் தடவி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, அந்தத் துண்ட என் மடியில விரிங்க" என்றார் கணவரிடம். பிறகு நாகராஜன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "இனி விளுந்தாலும் எம் மடியிலதான சார் விளும்?"

நாகராஜன் என்னைப் பார்த்தார். "தெறங்க சார், நானும் இருக்கேன்ல" என்றேன். என்னால் ஆன உதவி அவ்வளவுதான். நாகராஜன் பூட்டைத் திறந்து, காளையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

காளையை வாங்கிய முத்துமாரி, விரலால் தடவவே இல்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டார். முதுகு, திமில், உடைந்த கொம்பு... மெல்ல மெல்லக் கன்னத்தில் உருட்டினார். ஒரு முறை உதட்டில் ஒற்றிக்கொண்டார். கருப்பசாமி பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் மனைவியின் மடிக்கு மேலே ஏந்தியபடி இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

"பாத்துட்டேன் சார். வச்சிருங்க" என்று காளையை நீட்டினார் முத்துமாரி.

நாகராஜன் சும்மா இருக்கவில்லை. கமிட்டியில் சண்டை போட்டு ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். பார்வையற்றவர்கள் வந்தால் அந்தப் பெட்டி திறக்கப்படும். தரையில் ஜமுக்காளம், மடியில் துண்டு, பக்கத்தில் ஓர் ஆள். முத்துமாரி போட்ட அதே சட்டம்!

நேற்று தனசேகரன் போன் செய்தார்.

"அண்ணாச்சி, புது போர்டுக்கு ஆர்டர் வந்திருக்கு. 'தொட்டுப் பார்க்கவும்'னு அடிக்கணுமாம். கண்ணு தெரியாதவுகளப் போயி 'பார்க்கவும்'னு சொன்னா மனசு சங்கடப்பட மாட்டாகளா? 'தொட்டு உணரவும்'னு மாத்திரட்டுமா?"

"மாத்தாதீக தனசேகரன்... ஒருத்தவுக பாத்துட்டே போயிட்டாக!"