ரின்ஸ்கேயின் உயரம்

எங்கள் ஸ்னேக் ஊரில் குள்ளமான ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஊரிலேயே பக்கத்து வீட்டு யெல்ட்யேவுக்கு, மூத்த மகள் ரின்ஸ்கே நெட்டையாகிவிடுவாளோ என்று பயம். யெல்ட்யே நல்லவள்தான். ஊர் வாய்க்கு நடுங்குகிறவள்.

எங்கள் பக்கம் பிறந்தநாளென்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். வருகிறவர்கள், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். 1974இல் ரின்ஸ்கேவுக்குப் பதின்மூன்று முடிந்தபோது, வந்தவர்கள் அவள் கையைப் பிடித்தபடி அண்ணாந்து, மேலே குளிருகிறதா என்று கேட்டார்கள். ஒருவர் மிச்சமில்லை. இவளுக்கு எவன் மாப்பிள்ளையாக வருவான் என்று புலம்பிய யெல்ட்யே, அடுத்த வாரமே அவளை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் கையை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பின் முனைக்கருகே மெல்லிய குருத்தெலும்பு இருக்கிறது, எலும்பு நீளுவது அங்கேதான். பருவ வயதில் உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோன் அதை மெல்ல மெல்லக் கெட்டி எலும்பாக்கிவிடும், பிறகு வளர்த்தி இல்லை. ரின்ஸ்கேவை இப்படியே விட்டால் ஒரு மீட்டர் எண்பத்தெட்டு சென்டிமீட்டர் வருவாள், அதே ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் சீக்கிரம் நின்றுவிடும் என்றார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் கொடுத்தார்கள். ரின்ஸ்கேவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடம் வாந்தி, தலைவலி, கால் வீக்கம். அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசி எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு இருந்த இடைவெளி மூடியிருந்தது. ஒரு மீட்டர் எண்பத்திரண்டோடு நின்றாள். திரும்பத் திறக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, மூடியது மூடியதுதான் என்றார் டாக்டர். யெல்ட்யே தெருவுக்கே கேக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் சின்னவள் தியூகே மளமளவென்று வளர்ந்தாள். அவளையும் கூட்டிப்போக யெல்ட்யே கோட்டு மாட்டியபோது நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். ரின்ஸ்கே வந்து கதவை மறித்து நின்றாள்.

“என்னை நிறுத்தினது போதும்மா. அவள விட்டுடு.”

யெல்ட்யே திகைத்துப் போனாள். “உன்னைவிட ஒசந்துடுவாடி. தெனம் அவள அண்ணாந்து பாக்கணும். உனக்குக் கஷ்டமா இருக்காதா?”

“இருக்கும்,” என்றாள் ரின்ஸ்கே. “இருந்துட்டுப் போகட்டும். அவ வளரட்டும்.”