கேட்டு ஆதிகேசவனும் சண்டை மீனும்

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ‘கேட்டு’ ஆதிகேசவன் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். ஒரு பஞ்சாலையின் வாசலில் நின்று, ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் இடுப்பையும் டிபன் கேரியரையும் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவது அவருடைய உத்தியோகம். பதினேழு வருஷமாக அதே வாசல். சோற்றுக்கு அடியில் நூல்கண்டு, தலைப்பாகைக்குள் துணித்துண்டு என்று அவர் பிடித்தது கொஞ்சமில்லை. பிடித்துப் பிடித்து, உலகத்தில் எல்லோரும் எதையோ ஒளித்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள் என்று மனிதருக்கு உறுதிப்பட்டுவிட்டது. அந்த நினைப்பை மில் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதுதான் அவருக்குக் கைவரவில்லை. பால்காரனையும் நம்பமாட்டார், அவன் ஊற்றின பாலையும் நம்பமாட்டார். குழம்பில் ஒரு துண்டு கத்திரிக்காய் குறைந்தால் மனைவி காந்தாவை ஏற இறங்கப் பார்ப்பார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் ஒரு மீன். சிவாஜிநகரில் வாங்கிய சிவப்புச் சண்டை மீன், ஜன்னல் ஓரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்தது. அதன் வால் புடவைக் கொசுவம் போல விரியும். வேலை முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாட்டில் தண்ணீரை முழுசாக மாற்றிவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் இளகும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று காந்தா காபியை வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுவருவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதக் குளிரில் அந்த வால் கிழிய ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு பல் போன சீப்பாட்டம் இழை இழையாகத் தொங்கியது. மீன் பாட்டிலின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னொருவராக இருந்தால் மீனுக்கு என்ன நோவு என்று யோசித்திருப்பார். ஆதிகேசவனுக்கு உடனே தோன்றிய கேள்வி, யார் வேலை என்பதுதான்.

ஆள் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. வீட்டில் மூன்றாவது ஆள் காந்தாவின் தம்பி ஞானசேகரன். தாய் தகப்பன் போனபிறகு அவளுக்கென்று இருந்த ஒரே பிறந்தவீடு அவன்தான். அல்சூரில் ஓஸ்வால்ட் என்ற ஆங்கிலோ இந்தியரின் பங்களாவில் தோட்டவேலை பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடுவான். ஆதிகேசவன் வர மாலை ஆகும். நடுவில் நாலு மணி நேரம். சண்டை மீன்களை ஒரே தொட்டியில் விட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று மில்லில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருந்தது. மத்தியானத்தில் மீனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சண்டைக்கு விட்டு, கிழிந்த வாலோடு திரும்பக் கொண்டுவந்து வைக்கிறான் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்.

மறுநாள் மாலை பாட்டில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. விஷம். வேறென்ன? அப்படியே முற்றத்தில் கொட்டிவிட்டுப் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரை நிரப்பினார். அதற்கடுத்த நாளும் அதே பழுப்பு.

“இன்னா காந்தா இது?”

“கொழாய்லயே அப்படித்தான் வருதுங்க” என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

குடத்துத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அக்காளும் தம்பியும் கூட்டு என்று ஆதிகேசவன் முடிவு கட்டினார். ஐந்து நாள் அவர் கொட்டக் கொட்ட, ஐந்து நாளும் தண்ணீர் பழுப்பானது. மீன் மேலே வந்து மூச்சு வாங்கவும் தெம்பில்லாமல் துவண்டது.

ஆறாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சந்து முனையில் நின்றார். ஞானசேகரன் பையோடு வந்தான். “நில்லுடா” என்றார். மில் வாசலில் சொல்லுகிற அதே குரல். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு முத்தம்மாவும் நாலைந்து பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனனின் பையைப் பிடுங்கி உதறினார். இடுப்பையும் தடவினார். களை வெட்டும் கத்தி, ஒரு பொட்டலம் கல்லுப்பு, கை அகலத்தில் காய்ந்த இலைகள் நாலு கீழே விழுந்தன.

“இன்னா தழைடா இது?”

“வாதாம் எலை மாமா. தொரை ஊட்ல மீனுக்கு வால் அழுவிச்சின்னா இதத்தான் ஊறப்போடுவாரு. கூட துளி உப்பு. நீங்க வர்றதுக்குள்ள எலைய எடுத்துடுவேன்.”

“மருந்துன்னா எனக்குத் தெரியாம இன்னாத்துக்குடா போடணும்?”

“தெரிஞ்சா போட வுட்டிருப்பீங்களா?”

அவ்வளவுதான் கேட்டான். கத்தியை மட்டும் பொறுக்கிக்கொண்டு, வாசல்படி ஏறாமலே வந்த வழியில் திரும்பிப் போனான். ராத்திரிச் சோற்றுக்கும் வரவில்லை. காந்தா அழவில்லை. “அவன் போட்டத நீங்க கொட்டிக்கினே இருந்தீங்க. நானும் பயந்துக்கினு பொய் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அப்போதும் அவர் நம்பவில்லை பாருங்கள். மறுநாள் சிவாஜிநகர் போய், மீன் விற்கிறவர்கள் இரண்டு பேரை, ஒருவருக்குக் கேட்காமல் மற்றவரைத் தனித்தனியே விசாரித்தார். இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்றினால் வால் அழுகும், வாதாம் இலைதான் மருந்து, இலை ஊறினால் தண்ணீர் பழுப்பாகும். மீனைக் கொன்றுகொண்டிருந்த கை எது என்று ஆதிகேசவன் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

சந்தில் மிதிபட்டுக் கிடந்த இலைகளை அவரே பொறுக்கிக் கழுவி ஊறப்போட்டார். பழுப்புத் தண்ணீரைக் கொட்டாமல் இருக்க, பாட்டில் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. பத்தாம் நாள் மீன் மேலே வந்தது. மாசி பிறந்தபோது வாலின் ஓரத்தில் வெங்காயத் தோல் போலப் புதுச் சவ்வு முளைத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அல்சூருக்கு பஸ் ஏறினார். தம்பி இன்றைக்கு வந்துவிடுவான் என்று காந்தா விடியற்காலையிலேயே குளித்துவிட்டாள். பங்களாவிலேயே தங்கிவிட்ட ஞானசேகரன் பின்கட்டில் பாத்தி கொத்திக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, அவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த பாட்டிலைப் பார்த்தான்.

“தேறிடுச்சி மாமா.”

“வூட்டுக்கு வாடா ஞானம். நான் பண்ணது தப்பு.”

அவன் பாத்திப் பக்கம் பார்த்தான். ஆதிகேசவன் பாட்டிலை அவனிடம் நீட்டினார். “இத நீயே வெச்சிக்க. உங்கிட்டதான் நல்லாருக்கும்.” எண்ணிப் பார்க்காமல், அடையாளம் வைக்காமல் அவர் ஒருவனிடம் ஒரு பொருளைக் கொடுத்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஞானசேகரன் கையை நீட்டவில்லை. மண் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

“வேணாம் மாமா. நாளைக்கு இது செத்துப்பூட்டா, நான் ஒண்ணும் பண்ணலன்னு எப்படி மாமா காட்டுவேன்?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவன் மெய்யாகவே பயந்துதான் கேட்டான். ஆதிகேசவன் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். வீட்டில் காந்தா மூன்று பேருக்கு உலை வைத்திருப்பாள்.