பாய்மரத்தில் ஏறிய ஊறுகாய் ஜாடி

எங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. சிவப்பு மூடி, கழுத்தில் நைந்துபோன நைலான் கயிறு. என் மனைவி அதை இரண்டு முறை பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். இரண்டு முறையும் தெருமுனை வரை ஓடிப்போய் மீட்டு வந்தேன். "அப்படி என்னதான் இருக்கு இதுக்குள்ள?" என்று கேட்பாள். ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் லேசாக நார்த்தங்காய் வாசம் வரும், அவ்வளவுதான்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணி ஒன்றில் நான் எஞ்சின் டிரைவராக இருந்தேன். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டலுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்துதான் பேசுவார். மாலேயில் சரக்கு இறங்க நாள் கணக்காகும், சில நேரம் வாரக் கணக்காகும். கரையில் கால் வைத்ததும் மற்றவர்கள் சோப்பும் சாக்லேட்டும் விலை கேட்பார்கள். இவர் வைஃபை தேடிப் போவார். எந்த டீக்கடையில் வேகம் அதிகம், எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் பாஸ்வேர்டு தருவார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. டீயே பிடிக்காத மனுஷன், பாஸ்வேர்டுக்காக இரண்டு டீ குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு வருவார். கேட்டு வாங்கியதைத் தோணியின் பக்கப் பலகையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிப் போடுவார். பக்கத்துத் தோணிக்காரர்களும் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இத்தனை பேர் சேர்ந்தால் நமக்கு மெதுவாகிவிடுமே என்று நான் முணுமுணுத்தால், "காத்துல வாரதுதானலே? நமக்கு மட்டுமா வருது?" என்பார்.

கரையைவிட்டுத் தள்ளி நங்கூரம் போட்டால் டீக்கடை வைஃபை எட்டாது. அதற்காக உள்ளூர் சிம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். தளத்தில் சிக்னல் கிடைக்காது, உயரத்தில் கிடைக்கும். முதலில் அவருடைய போனை எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் வைத்து, கொடியேற்றும் கயிற்றில் கட்டிப் பாய்மரத்தில் ஏற்றினார். இரும்புப் பெட்டிக்குள் அலை எப்படிப் போகும்? ஏறியது, இறங்கியது, ஒரு புள்ளி சிக்னல் இல்லை. சமையல்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். தண்டல் கோபப்படவில்லை. குசினிக்குள் போய், அவர் மனைவி கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயைச் சட்டியில் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவி எடுத்து வந்தார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, போனை அதற்குள் வைத்து மேலே இழுத்ததும், கீழே எங்கள் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. அன்றிலிருந்து தண்டலின் போனைக் காதில் வைத்தால் ஊறுகாய் மணக்கும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. இந்த மனுஷன் சினிமா பார்ப்பதில்லை, பாட்டுக் கேட்பதில்லை, போனில் பேசியும் நான் பார்த்ததில்லை. பிறகு எதற்கு இந்த அலைச்சல்? தன் போன் மேலே தொங்குவதால், சாயங்காலமானால் தோணிப் பையன் ஒருவனிடம் இன்னொரு போனை வாங்கிக்கொண்டு தோணியின் முன்முனைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். சத்தமே வராது. திரும்பி வரும்போது முகம் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். சமையல்காரரிடம் கேட்டேன். அவர் தூத்துக்குடியில் தண்டலுடைய தெருக்காரர். நான் ஆலந்தலைக்காரன், தோணிக்குப் புதுசு. அவர் என் காதருகே குனிந்து, "அண்ணாச்சிக்கு ஒரு சகவாசம் உண்டும்லே. வெளிய சொல்லிராத" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்! இந்த வயதில் இது தேவையா என்று இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் மெல்ல முன்முனைக்குப் போனேன். போனைப் பலகையில் சாய்த்து வைத்திருந்தார். திரையில் அவர் வயதையொத்த ஒரு பெண், கழுத்தில் ஜெபமாலை. தண்டலுடைய இரண்டு கையும் பேசிக்கொண்டிருந்தன. மீன் துள்ளியது, காற்று அடித்தது, எஞ்சின் இருமியது, எல்லாம் விரல்களில். அந்தப் பெண் கட்டைவிரலால் மேலுதட்டில் மீசை ஒதுக்குவதுபோல் காட்டினாள். அதுதான் அவளிடத்தில் அவருக்குப் பெயர் என்று பின்னால் தெரிந்தது. பிறவியிலேயே காது கேளாத, பேச்சு வராத மனைவி. எழுதப் படிக்கவும் தெரியாது. எங்களுக்கெல்லாம் குரல் போதும், கால்வாசி சிக்னலில் காரியத்தை முடித்துவிடுவோம். அவருக்குப் படம் வேண்டும். திரும்பிப் பார்த்தால் சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு வெட்கத்தில் கடலுக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த பயணத்தில் புயலில் மாட்டினோம். இரண்டு நாள் தண்ணீரை இறைத்து இறைத்துக் கை காய்த்துப்போனது. ஒருவழியாக மாலத்தீவின் வடக்கே ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டோம். நன்றாக விடிந்திருந்தது. ஜாடி ஏறியது, நூல் மாதிரி சிக்னல் வந்தது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் பேசி, "உசுரோட இருக்கோம்" என்று சொல்லி அழுது முடித்தார்கள். அப்போதுதான் சமையல்காரரின் மனைவி ஒரு சேதி சொன்னாள். தூத்துக்குடித் தோணி ஒன்று முழுகிவிட்டதாக ஊரில் பேச்சாம். அதில் இருந்தவர்களை ஒரு கப்பல் காப்பாற்றிய செய்தி பிறகுதான் வந்தது. முழுகியது எங்கள் தோணி என்றுதான் ஊரே நினைத்திருக்கிறது.

"அக்கா நம்ப மாட்டேங்காவ" என்று தண்டலின் மனைவியைப் பற்றிச் சொன்னாள் சமையல்காரரின் மனைவி, ஸ்பீக்கரில். "துறைமுகத்துச் சுவத்துல வந்து உக்காந்துட்டாவ. ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்கல. அண்ணாச்சி நல்லா இருக்காவன்னு நான் கையக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ."

காரணம் சமையல்காரருக்குத் தெரிந்திருந்தது. தண்டல் மனைவியின் அப்பாவும் தோணிக்காரர். அவளுக்குச் சின்ன வயதாயிருக்கையில் அவரைக் கடல் கொண்டுபோனபோது, வந்துவிடுவார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று கையைக் காட்டிக் காட்டியே ஒரு வாரம் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாருடைய கையையும் அவள் நம்புவதில்லை.

தண்டல் சமையல்காரர் மனைவியின் போனுக்கே வீடியோவில் கூப்பிட்டார். படம் வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தபோதும் கட்டங்கட்டமாக உடைந்து நின்றது. எல்லார் போனிலும் இரண்டு நாள் சேதி, படம், பாட்டு எல்லாம் தானாக இறங்கிக்கொண்டிருந்தன. அவர் எங்களைப் பார்த்தார். "எல்லாரும் போன அணைங்கலே. கொஞ்ச நேரம். எனக்காண்டி" என்றார். தனக்காக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவரும் அணைத்துப் பலகையில் வைத்தார்கள்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் அணைக்கவில்லை. அந்த வாரம் ஆலந்தலைக் கோவிலில் என் மகனுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். மனைவி அனுப்பிய வீடியோ முக்கால் வட்டம் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று போனை எஞ்சின் அறையில் துணிக்கடியில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளைபோல வெறுங்கையோடு வந்து நின்றேன்.

படம் ஒரு தரம் அசைந்து மறுபடியும் உறைந்தது. உறைவதற்குமுன் தண்டலின் மனைவி திரையைத் தன் சேலையால் துடைத்தது தெரிந்தது. தூசி என்று நினைத்திருக்கிறாள். தண்டல் போனை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தார். "மாதாவே, ஒரு நிமிசம் காட்டிக் குடு தாயே" என்றார். எஞ்சினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே ஓடினேன், போனை அணைத்தேன். ஏறி வருவதற்குள் மேலே கூச்சல். படம் வந்துவிட்டது.

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கையைக் காட்டு என்றாள். காட்டினார். காலைக் காட்டு. போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று காட்டினார். திரும்பு என்றாள், திரும்பினார். முழுசாக இருக்கிறார் என்று உறுதியான பிறகு பிடித்தாள் பாருங்கள், இரண்டு கையாலும் அப்படி ஒரு ஏச்சு! எனக்கு அந்த விரல் பாஷை தெரியாது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. தண்டல் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த வீடியோவை ஊருக்கு வந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தேன். அத்தனை அவசரம் அதற்கு இருக்கவே இல்லை. சில வருஷம் கழித்துத் தண்டல் கடலைவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். விடைபெறப் போன அன்று ஜாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது உனக்குத்தாம்லே" என்றார். தெரிந்துதான் கொடுத்தாரா? கேட்கத் தைரியம் இல்லை. இன்றுவரை மண்டையைக் குடைகிறது.

புதுநன்மை வாங்கிய மகன் இப்போது சரக்குக் கப்பலில் இருக்கிறான். போன வாரம் ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். ஒரு மாதமாக அவன் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் போடச் சொன்னேன், உருவம் வராமல் சுற்றியது. "எட்டுப் பேரு ஒரே வைஃபையில இருக்கோம்ப்பா. ஒருத்தன் பொண்டாட்டிக்கு இன்னைக்குப் பிள்ள பொறந்திருக்கு. அவனுக்குந்தான் படம் வர மாட்டேங்கு" என்றான்.

"ஏலே, போன அணை."

"நீங்க என்னயப் பாக்கவே இல்லியேப்பா."

"பொறவு பாத்துக்கிடலாம். அணைச்சிட்டு மத்தவனுவளையும் அணைக்கச் சொல்லு. ஒருத்தனும் ஒளிச்சு வைக்கக் கூடாது."

மறுநாள் குரல் மட்டும் வந்தது. "தெளிவாத் தெரிஞ்சிச்சாம்ப்பா. பொம்பளப் பிள்ள." போனை வைத்துவிட்டு ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, இங்கன வா" என்றேன். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டல்லா? உக்காரு, சொல்லுதேன்."