தூங்குமூஞ்சி மரத்தடி இஸ்திரி வண்டி

என் அக்கா வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூ நார் உதிர்ந்துகொண்டே இருக்கும். அது வெள்ளைச் சட்டையில் விழுந்து, மேலே சூடான பெட்டியை ஓட்டிவிட்டால் கறை போகவே போகாது. அதனால் ஒவ்வொரு துணியையும் ஊதி ஊதித் தேய்ப்பாள். ஊதாத நேரமெல்லாம் திட்டுவாள். மடித்துக் கட்டுவது தங்கையான என் வேலை. பாதித் திட்டு எனக்குத்தான்.

ஒரே ஒரு ஆள் வந்தால் மட்டும் வாய் அடைத்துப்போகும். எதிரே பஸ் நிலையத்தில் வேலை பார்க்கும் டிரைவர். வருஷக்கணக்காகச் சீருடை கொண்டுவருகிறார்.

"காலர் கொஞ்சம் விறைப்பா..."

"சரிங்க."

இவ்வளவுதான் பேச்சு. இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது; இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பார்த்துப் பார்த்து எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறியது.

போன வாரம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசிச் சட்டையை வாங்க மாலையில் வந்தார். தேய்த்த சட்டையையே அக்கா திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பேசாவிட்டால் ஆள் போயே போய்விடுவார்.

"அப்ப நான் வரேங்க," என்று அவர் கையை நீட்டினார்.

அக்கா சட்டென்று மேலே பார்த்தாள். "ஐயையோ, இலையெல்லாம் மூடிக்கிச்சு! மழை வரப்போகுது. கொஞ்சம் இருந்துட்டுப் போங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேகம் கூடினால் இந்த மரம் இலையை மூடும், நிஜம்தான். ஆனால் பொழுது சாய்ந்தாலும் தினமும் மூடும். வானமோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தினமும் இந்த மரத்தைப் பார்க்கிற மனுஷரிடம் இப்படியா புளுகுவது! மானம் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, பெரிய மழையா வரும்போல," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு அவரே தொண்டையைச் செருமினார். "அந்த ஊர்லயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மரம் பாத்து வச்சிருக்கேன். நல்ல நெழல். வண்டி நிறுத்தலாம்."

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வண்டிய மட்டுமா கூப்புடுறீங்க?"

"இல்லீங்க," என்றார் அவர், "உங்களத்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.